செம்பாவுக்கு எடுத்த அளவு

பிப்ரவரி 6, வியாழன்

செம்பா இன்று காலை ஆறு மணிக்கு இறந்துவிட்டது. பிறந்து இருபத்திரண்டு நாள். முந்தாநாள் ராத்திரி கயிற்று முடிச்சு எப்படியோ அவிழ்ந்து, தாயிடம் போய் முட்ட முட்டக் குடித்துவிட்டது. நேற்று முழுக்கக் கழிச்சல். கால்நடை டாக்டரம்மா நிலோஃபர் இரண்டு தடவை வந்து குளுக்கோஸ் ஏற்றியும் நிற்கவில்லை. முடிச்சு தானாக அவிழ்ந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்?

என் மனைவி துளசிமணி அப்படி நினைக்கவில்லை. வெள்ளையம்மா அவள் அண்ணன் வீட்டிலிருந்து கிடாரியாக வந்த காங்கேயம் மாடு. செம்பா அதன் தலைச்சன் கன்று. பொழுது சாய்ந்ததும் கன்றைப் பிரித்துக் கட்டுவது என் வேலை. மற்ற வேலையெல்லாம் அவளுடையது. ஆகவே காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் கட்டுத்தரையில் நின்றுகொண்டு மாட்டிடம் சொன்னாள்.

"வெள்ளையம்மா, சோறு போட்டு வெச்சிருக்குது. தின்னாத் திங்கச் சொல்லு."

மாடு என்னைப் பார்த்தது. நான் போய்த் தின்றேன்.

டாக்டரம்மா சொன்னது இது: "காங்கேயம் மாடு கன்னு பக்கத்துல இல்லாமப் பால் எறக்காதுங்கண்ணா. இப்படியே விட்டா ரெண்டு வாரத்துல மடி வத்திப் போயிடும்." ஊசி போட்டுக் கறக்கலாமாம். துளசி ஒரேயடியாகத் தலையாட்டி மறுத்துவிட்டாள். பிறகு டாக்டரம்மா கொஞ்சம் தயங்கி, "கன்னோட தோல்ல வைக்கோல் அடைச்சு நிறுத்துனா சில மாடு நம்பிப் பால் விடுமாம். எங்க புரொபசர் சொல்லியிருக்கார். நான் பாத்ததில்லீங்க" என்றார்.

துளசி அதைக் காதில் வாங்கவில்லை. போனில் அண்ணனோடு பேசிவிட்டு வந்து மாட்டின் நெற்றியைத் தடவினாள். "மாசி ஏழாந்தேதி அண்ணன் வண்டி கொண்டாருது. அங்க கன்னு நாலு நிக்குது, ஏதாச்சும் ஒண்ணை உனக்குச் சேத்தி உடலாம். நீயும் போலாம், நானும் போலாம். எப்ப வருவேன்னு யாராச்சும் கேட்டா, உங்கிட்டக் கேக்கச் சொல்றேன்."

மாசி ஏழு என்றால் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை. பதின்மூன்று நாள் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை இந்த நோட்டில்தான் எழுத முடியும்.

வைக்கோல் அடைப்பதென்றால் நாலு குச்சி, ஒரு மூட்டை வைக்கோல், மேலே தோல். அந்த மாதிரி வேலை என் கையிலிருந்து வெளியே போகாது. நான் இருபத்தாறு வருஷமாக லேடீஸ் டைலர். தோலும் துணிதான், கொஞ்சம் கனமான துணி. டாக்டரம்மா கையுறை கொடுத்து, வயிற்றின் நடுவில் எங்கே கோடு போட வேண்டும் என்று காட்டினார். அதற்கு முன்னால் இன்ச் டேப்பை எடுத்து, இதே அளவு நோட்டில், வாடிக்கைக்காரி உமாமகேஸ்வரியின் பிளவுஸ் அளவுக்குக் கீழே எழுதிக்கொண்டேன்:

செம்பா. உயரம் 27. நீளம் 25½. மார்பு 29. கழுத்து 14½. காது 5.

பிறகு வெட்டினேன். மிச்சத்தைப் புங்க மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். துளசி மஞ்சளும் பூவும் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஐந்து கிலோ கல்லுப்பு வாங்கித் தோலின் உட்பக்கம் அப்பிச் சுருட்டிச் சாய்வான பலகையில் வைத்திருக்கிறேன். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கடையில் மெஷினை ஓட்டிக்கொண்டே போனில் வீடியோ பார்த்தேன். தாடி வைத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் நரி, மான், வாத்து என்று எதைக் கொடுத்தாலும் உயிரோடு இருப்பதுபோல நிறுத்திவிடுகிறார். பேச்சு பாதி புரியவில்லை. கை புரிகிறது. தையல்காரனுக்குக் கை புரிந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சின்னப் பறவையில் பழக வேண்டுமாம். எடுத்த எடுப்பில் பெரிய மிருகத்தில் கை வைக்கக் கூடாதாம். எனக்கா சொல்கிறார்?

சாயங்காலம் மச்சான் நாச்சிமுத்து போன் பண்ணினார். துளசியின் அண்ணன். நல்ல மனுஷன், தொண்டைதான் பெரிசு. "ஏன் மாப்ள, செத்த கன்னுத் தோலை உரிச்சீங்களாமே? அது நாம செய்யற வேலையா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"தைக்கறவனுக்குத் தோலும் துணிதாங்க மச்சான். பேசறவுங்க அடுத்த கல்யாணத்துக்கு வேற டைலரைப் பாத்துக்கட்டும்" என்றேன். எனக்கும் கோபம் வரும்.

பிப்ரவரி 8, சனி

ஆர்டர் தைத்தேன். பேச ஒன்றுமில்லை, ஆளும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தாடிக்காரர் சொன்னது சரிதானோ என்று சந்தேகம் வந்ததால் கோழிக்கடைக்குப் போனேன். கடைக்கார யாகூப் பாய் வழக்கம்போல, "தோலோடவா, தோல் உரிச்சா?" என்றார்.

"தோல் மட்டும் போதும் பாய். எறகோட. கறி நீங்களே வெச்சுக்குங்க."

இவ்வளவு வருஷக் கடையில் இப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை என்று அவர் முகமே சொன்னது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறது என்றேன்.

அரை நாள் வேலை. பஞ்சு அடைத்தேன், தைத்தேன், நிறுத்தினேன். கோழி வரவில்லை. தலையணைக்கு அலகு முளைத்ததுபோல ஒன்று வந்தது. பஞ்சை இறுக்கி அடைத்ததுதான் தப்பு. பிரித்து மறுபடி அடைத்தேன், இளைத்துப் போயிற்று. அதுவும் கொஞ்ச நேரம் பார்க்கச் சகித்தது, பிறகு கழுத்து சாய்ந்துவிட்டது. மூன்று விஷயம் கற்றேன். உருவம் பஞ்சில் இல்லை, உள்ளே இருக்கும் கூட்டில் இருக்கிறது. ஈரத் தோல் இழுத்த பக்கமெல்லாம் வரும், காய்ந்தால் ஒரு நூல் கொடுக்காது. மூன்றாவது, நான் நினைத்த அளவுக்குக் கெட்டிக்காரன் இல்லை.

துளசி வாசலில் நின்று கோழியைப் பார்த்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போய்விட்டாள். அங்கே மாட்டிடம் என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. மூன்று நாளுக்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து அழுகை இல்லாத குரல் கேட்டதே சந்தோஷம்தான்.

ஆனால் கறக்கும் போசியில் பால் ஒரு டம்ளர்கூட இல்லை. வெள்ளையம்மா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு கத்துகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

உப்பைத் தட்டிவிட்டு, உள்பக்கக் கொழுப்பையெல்லாம் மழுங்கிய கத்தியால் சுரண்டினேன். இரண்டு நாளாக இதே வேலை. முழங்கைவரை வலி. நாட்டு மருந்துக் கடையில் ஒரு கிலோ படிகாரம், அரைக் கிலோ வெங்காரம். "நகை வேலையா?" என்றார் கடைக்காரர். கன்னுக்குட்டி வேலை என்றேன். கூட ஒரு பொட்டலம் சுக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னார். என்ன நினைத்தாரோ!

படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தது. வாடையோடு ஒரு உருப்படியை டெலிவரி கொடுத்தவன் இல்லை நான். ஷாம்பு போட்டு மூன்று தண்ணீர் அலசினேன். நிழலில் துவட்டி, முடியைச் சீவி, கடையில் பட்டுப் பிளவுஸுக்குத் தெளிக்கும் ரோஸ் சென்ட்டை உள்ளும் புறமும் அடித்தேன். கல்யாணப் பெண் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

இன்னும் ஒரு வாரம்.

பிப்ரவரி 13, வியாழன்

கூடு கட்டினேன். மூங்கில் சிம்பு, கம்பி, பழைய ஃபோம், மேலே சணல் சுற்றி அளவு பார்த்தேன். மார்பு இருபத்தொன்பது சரியாக வந்தது. காதுக்குள் காலர் கேன்வாஸ் வைத்தேன், விறைப்பாக நிற்கிறது. தாடிக்காரருக்கு இந்த யோசனை வந்திருக்காது. செம்பாவின் நிறத்துக்கு நூல் தேடித்தான் அலைந்துவிட்டேன். காங்கேயம் மாடு பெரிசானால் வெளுக்கும், கன்று செவலையாகத்தான் பிறக்கும். அந்தச் செவலை எந்த நூல்கண்டிலும் இல்லை. கடைசியில் காப்பிக்கொட்டை நிறத்தையும் செங்கல் நிறத்தையும் சேர்த்து முறுக்கிக்கொண்டேன்.

நிறுத்தினால் ஆடுகிறது. நாலு காலில் ஒன்று எப்போதும் தரையில் படுவதில்லை. இடது முன்னங்காலைக் கால் அங்குலம் குறைத்தால் வலது பின்னங்கால் தூக்குகிறது. அதைக் குறைத்தால் இது தூக்குகிறது. இப்படியே போனால் முயல்தான் மிஞ்சும் என்று பயந்து, ஒரு பலகையில் நாலு காலையும் திருகி நிறுத்திவிட்டேன்.

காப்பி கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறாள் துளசி. அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வருகிறது. "வெள்ளையம்மா, காப்பி ஆறிப்போச்சுன்னா நான் மறுக்காச் சுட வெக்க மாட்டேன்னு சொல்லு." நான் எழுந்து போய்க் குடிக்கும்வரை அந்தக் குரல் அங்கேதான் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 15, சனி

கண்.

முதலில் கோட்டுப் பட்டன் வைத்தேன். திருடனைப் பிடித்த ஏட்டு மாதிரி முறைத்தது. பிறகு பட்டுப் பிளவுஸில் பதிக்கும் கருப்புக் கல் வைத்தேன். தலையில் தேங்காய் விழப்போகிறதைப் பார்த்த மாதிரி இருந்தது. கல்லை மாற்றி என்ன பயன் என்று இமை மடிப்பை அரை நூல் இறக்கித் தைத்தேன்.

அவ்வளவுதான். செம்பா என்னைப் பார்த்துவிட்டாள்.

பிறந்த மூன்றாம் நாள் முற்றத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி, அண்டாவில் மோதி, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தாளே, அதே பார்வை. ஊசியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

முடிச்சை நான் அவ்வளவு இறுக்கமாகப் போடவில்லையோ என்னவோ. அவசரம். மறுநாள் காலையில் கல்யாண பிளவுஸ் ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வேலை முடிந்தது. துளசி கதவோரம் வந்து நின்றாள். உள்ளே வந்து காதைத் தொட்டாள். கழுத்தடியில் சொறிந்துவிட்டாள், உயிரோடு இருக்கையில் செய்ததுபோலவே. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள்.

நாளைக்குக் காலையில் வெள்ளையம்மாவிடம் டெலிவரி.

பிப்ரவரி 17, திங்கள்

டாக்டரம்மாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கன்றைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தரைக்குள் நுழைந்தேன். வெள்ளையம்மா காதை நிமிர்த்தியது. கத்தியது. பத்து நாளாகக் கத்தாத கத்தல், அடித்தொண்டையிலிருந்து. துளசி போசியோடு உட்கார்ந்தாள்.

மாடு மூக்கை நீட்டி முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டது. இன்னொரு தரம் முகர்ந்தது, இன்னொரு தும்மல். பிறகு கொம்பால் ஒரே நெம்பு. கன்று பலகையோடு எகிறிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் மோதி, இடது முன்னங்கால் முறிந்தது.

டாக்டரம்மா குனிந்து கன்றின் முதுகை மோந்து பார்த்தார். "என்னங்கண்ணா வாசனை இது?"

"ரோஸுங்க."

"அய்யோ அண்ணா! மாட்டுக்குக் கண்ணு ரெண்டாம்பட்சம். மூக்குலதான் புள்ளையைக் கண்டுபிடிக்கும். நீங்க ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, யாரோ வெளியூர்க் கன்னைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க."

வாத்தும் நரியும் செய்யும் தாடிக்காரருக்கு அவற்றின் அம்மாவிடம் காட்ட வேண்டிய வேலை இல்லை. அதனால் அவர் சொல்லவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? இருபத்தாறு வருஷப் பழக்கம், மண்ணாங்கட்டி!

துளசி வெறும் போசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மத்தியானம் பரண்மேலிருந்து பெட்டி இறங்கியது. அவளுடைய புடவைகளிலிருந்து நான் தைத்துக் கொடுத்த பிளவுஸ்களை மட்டும் தனியாக அடுக்கினாள். எடுத்துக்கொண்டு போகிறாளா, விட்டுவிட்டுப் போகிறாளா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

முடிச்சு அவிழவில்லை. நான் கட்டவே இல்லை.

கல்யாண பிளவுஸில் மணி கோத்துக்கொண்டிருந்தேன். துளசி அடுப்படியிலிருந்து, "கன்னைக் கட்டியாச்சுங்களா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன். கோக்க நாலு மணிதான் பாக்கி, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்தே போனேன். பன்னிரண்டு நாளாக முடிச்சு, முடிச்சு என்று எழுதியிருக்கிறேன். எனக்கு நானே எழுதும் நோட்டில்கூடப் பொய். மானக்கேடு.

நாளைக்குக் காலையில் வண்டி வருவதற்கு முன்னால் துளசியிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குமேல் அவள் போனால் போகட்டும்.

பிப்ரவரி 19, புதன்

நிதானமாக எழுத வேண்டும். கை இன்னும் ஒட்டிக்கொள்கிறது.

காலை ஆறரைக்குத் துளசி பெட்டியை வாசலில் வைத்துவிட்டாள். மச்சான் ஏழு மணிக்கு வருவதாகப் பேச்சு. முறிந்த கன்று கட்டுத்தரை மூலையிலேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெள்ளையம்மா வண்டி ஏற வேண்டாம், எடுத்துவிடலாம் என்று போனேன். டெலிவரி அன்றைக்குப் போட்ட துவைத்த சட்டை இல்லை, வேலைச் சட்டை போட்டிருந்தேன். பழைய கோடுபோட்ட சட்டை. கழிச்சலில் கிடந்த செம்பாவை அன்றைக்குப் பகல் முழுக்க மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தச் சட்டையில்தான். தோல் உரித்தது, கொழுப்புச் சுரண்டியது, எல்லாம் அதில்தான். துவைக்கப் போட மனசு வரவில்லை.

கன்றை எடுக்கக் குனிந்தேன். பின்கழுத்தில் உப்புக் காகிதம் தேய்த்ததுபோல ஒரு இழுப்பு. திரும்பினால் வெள்ளையம்மாவின் நாக்கு. என் காலரை முகர்ந்தது, தோளை முகர்ந்தது, சட்டையின் முன்பக்கத்தை நக்கத் தொடங்கியது. மெதுவாக, அடித்தொண்டையில், "ம்ம்... ம்ம்..." என்றது. கன்றிடம் மட்டும் பேசும் பேச்சு அது. மடியைப் பார்த்தேன். காம்பில் பால் துளிர்த்துச் சொட்டுகிறது.

"துளசி! போசி! போசியக் கொண்டா!"

ஓடி வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். சட்டென்று உட்கார்ந்து பீய்ச்சினாள். பால் போசியில் அடிக்கும் சத்தத்தைப் பதின்மூன்று நாளுக்குப் பிறகு கேட்கிறேன். நான் லேசாக நிமிர்ந்தேன், சுரப்பு நின்றது.

"அசையாதீங்க! குனிஞ்சே இருங்க. இன்னும் கொஞ்சம் கீழ."

என்னிடம் சொன்னாள். மாட்டிடம் இல்லை, என்னிடம். நான் நாலு காலில் நின்றேன். மாடு என் வழுக்கையைச் சுத்தமாக நக்கிவிட்டது. இதைவிட நல்ல சமயம் வராது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"துளசி, அன்னைக்கு முடிச்சு அவுரலே. நான் கன்னைக் கட்டவே இல்லை. கட்டியாச்சுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்."

பீய்ச்சுகிற சத்தம் நிற்கவில்லை.

"தெரியுமுங்க" என்றாள். "காலையில பாக்கறேன், கயிறு ஆணியில சுருட்டி மாட்டுன மேனிக்குத் தொங்குது. அவுந்த கயிறு ஏறிப் போயா ஆணியில மாட்டிக்கும்?"

"பொறகு ஏன் கேக்கலே?"

"நீங்களாச் சொல்லோணும்னு இருந்தேன். கன்னு செத்ததுக்கு நான் மட்டுமா அழுதேன், நீங்களுந்தான் அழுதீங்க. அதுக்கில்லீங்க கோவம். முடிச்சு, முடிச்சுன்னு எங்கிட்டவே சாதிச்சீங்க பாருங்க, அதுக்குத்தான்." போசியைச் சற்று நகர்த்தினாள். "தலையை ஆட்டாதீங்க, பால் நிக்குது."

என் கண்ணிலிருந்து வந்ததையும் வெள்ளையம்மாவே நக்கிக்கொண்டது.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம். மச்சான் நாச்சிமுத்து பெட்டியைத் தாண்டி உள்ளே வந்தார். தங்கச்சி பால் கறக்க, மாப்பிள்ளை முட்டி போட்டு நிற்க, மாடு மாப்பிள்ளையின் காதை நக்க, மூலையில் மூன்று காலில் இன்னொரு கன்று. பெரிய தொண்டையைத் திறந்தார். "என்ன கோலம் மாப்..."

"சத்தம் போடாதீங்கண்ணா! பால் எறங்குது. அந்தப் பெட்டியை எடுத்து உள்ள வெச்சுட்டு அப்படி உக்காருங்க, காப்பி போடறேன்."

மச்சான் இரண்டு டம்ளர் காப்பி குடித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, மூன்றாவது டம்ளரைக் கொட்டிவிட்டார். காலி வண்டி போகக் கூடாது என்று முறிந்த கன்றைக் கேட்டார், பேரப் பிள்ளைகளுக்கு விளையாட. கொடுக்கவில்லை. காலைச் சரிசெய்து கடையில் நிறுத்தப்போகிறேன். எனக்கு அது முதல் உருப்படி.

அவர் போனதும் சோப்பையும் துண்டையும் எடுத்தேன். துளசி வழியில் வந்து நின்று இரண்டையும் பிடுங்கிக்கொண்டாள்.

"சாயங்காலக் கறவை இருக்குது. குளிச்சீங்கன்னா பாத்துக்குங்க!"

பிப்ரவரி 20, வியாழன்

ஐந்தேகாலுக்குத் துளசி எழுப்பினாள். சட்டையை அவளே எடுத்துக் கொடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டனையும் போட்டுவிட்டாள். காலைப் பால் ஒன்றேகால் லிட்டர்.